ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேட்டைக்குப் போகிறவர்களும் சரி, டார்கெட் சுடுகிறவர்களும் சரி, ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்க நினைத்ததும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். (டிரைபாட் என்ற முக்காலியில் மாட்டி, தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிப் பார்க்கும் சிறிய தொலைநோக்கிதான் ஸ்பாட்டிங் ஸ்கோப்.) தனித்தனியாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று: பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். எவ்வளவு தூரத்தில் எது தெரிய வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற கண்ணாடியையும் ஆடாத டிரைபாடையும் தேடுங்கள்.

ரைஃபிள்லயே ஸ்கோப் இருக்கே, அப்புறம் இது எதுக்கு?

ரைஃபிள் ஸ்கோப்பில் எதைப் பார்க்கிறீர்களோ, அதன் மேல்தான் துப்பாக்கியின் முனையும் நிற்கிறது. தூரத்துப் புதரில் அசைவது மானா, இன்னொரு வேட்டைக்காரரா என்று பார்க்க ரைஃபிளைத் தூக்கினால், ஒரு மனிதரைக் குறிவைத்தபடி நிற்க நேரலாம். இதை யாரும், எந்த அவசரத்திலும் செய்யக் கூடாது. அடையாளம் காண்பது ஒரு கருவியின் வேலை, சுடுவது இன்னொரு கருவியின் வேலை. ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்க வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று போதும்.

அது போக, வேட்டை ரைஃபிள்களில் பரவலாக இருக்கும் 3-9 மடங்கு ஸ்கோப்பில் 200 மீட்டரில் விழுந்த தோட்டாவின் ஓட்டை தெரியாது. தெரிந்தாலும், பார்ப்பதற்காக ஒவ்வொரு முறையும் உடம்பை அசைத்தால் சுடும் நிலை கலைந்துவிடும்.

நல்ல பைனாகுலர் வச்சிருக்கேன். அது போதாதா?

தேடுவதற்கு பைனாகுலர்தான் சிறந்தது. 10×42 பைனாகுலரில் அகலமாகத் தெரியும், இரண்டு கண்ணும் வேலை செய்யும், நெடுநேரம் பார்க்கலாம். ஆனால் தேடிக் கண்டுபிடித்ததை ஆராய்வதற்கு ஸ்கோப் வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் விலங்கின் கொம்பில் எத்தனை கிளை, அது வயதானதா இளையதா என்பதெல்லாம் 10 மடங்கில் பிடிபடாது. அங்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும் சிரமத்தை ஸ்கோப் மிச்சப்படுத்தும்.

அடர்ந்த காட்டுக்குள் நூறு மீட்டருக்குள்ளேயே எல்லாம் நடக்கும் வேட்டை என்றால், உங்களுக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் தேவையே இல்லை. அந்தப் பணத்தில் இன்னும் நல்ல பைனாகுலராகவே வாங்கிக்கொள்ளுங்கள்.

20-60×80ன்னு போட்டிருக்கு. என்ன அர்த்தம்?

முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம்: 20 மடங்கிலிருந்து 60 மடங்கு வரை ஜூம் செய்யலாம். கடைசி எண் முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

முன் லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், ஐபீஸிலிருந்து (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸ்) வெளியே வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எக்ஸிட் பியூப்பில் என்று சொல்வது இதைத்தான். 80 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் 4 மி.மீ., 40 மடங்கில் 2 மி.மீ., 60 மடங்கில் 1.3 மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்ணின் பாவை 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கி இருக்கும். இருட்டத் தொடங்கும்போது 5 மி.மீ., அதற்கு மேலும் விரியும். பாவை விரிந்திருக்கும் நேரத்தில் 1.3 மி.மீ. ஒளி மட்டும் வந்தால் காட்சி மங்கலாகத்தான் தெரியும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் அடுத்த பல கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

பவர் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே? 75 மடங்கு, 100 மடங்குன்னு கூட இருக்கே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பணம் அதிகம் வீணாவதும் இங்கேதான். மடங்கு கூடக் கூட நான்கு விஷயங்கள் சேர்ந்தே மோசமாகும். ஒளி குறையும், அதை மேலே பார்த்தோம். தெரியும் பரப்பு சுருங்கும்: 20 மடங்கில் 1000 மீட்டர் தூரத்தில் 35 மீட்டர் அகலம் காட்டும் ஸ்கோப், 60 மடங்கில் அதில் பாதியளவுதான் காட்டும். நகரும் விலங்கு சீக்கிரமே காட்சியை விட்டுப் போய்விடும். டிரைபாடின் சின்ன நடுக்கமும் பெரிதாகத் தெரியும். தரைச் சூட்டில் காற்று நெளிவதும் அதே அளவு பெரிதாகும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு எல்லை இருக்கிறது. எவ்வளவு நுணுக்கமான விவரத்தைப் பிரித்துக் காட்ட முடியும் என்பதை முன் லென்ஸின் விட்டம்தான் முடிவு செய்கிறது. லென்ஸ் கொண்டுவராத விவரத்தை ஐபீஸ் புதிதாக உண்டாக்க முடியாது. அதே மங்கலைப் பெரிதாக்கும், அவ்வளவுதான். 50 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு 75 மடங்கு என்று விற்கும் ஸ்கோப்பில் எக்ஸிட் பியூப்பில் 0.7 மி.மீ.கூட வராது. அதை வாங்க வேண்டாம்.

நல்ல ஸ்கோப் வைத்திருப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலான நேரம் 25 முதல் 45 மடங்குக்குள்தான் வைத்திருப்பார்கள். 60 மடங்கு என்பது குளிர்ந்த காலையில், காற்று அசையாத நேரத்தில், ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பதற்கு. அந்த ஒரு நிமிடத்துக்கு அது மிகவும் பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

100 மீட்டர்ல ஓட்டை தெரியணும். எவ்வளவு பவர் வேணும்?

ஓட்டையின் அளவிலிருந்து தொடங்குங்கள். பாயிண்ட் 22 தோட்டாவின் விட்டம் 5.6 மி.மீ.; பாயிண்ட் 308 ஏறத்தாழ 7.8 மி.மீ. வெள்ளைத் தாளில் விழுந்த பாயிண்ட் 22 ஓட்டையை 50 முதல் 100 மீட்டர் வரை பார்க்க 20-25 மடங்கு தாராளமாகப் போதும். பாயிண்ட் 308 ஓட்டையை 200 மீட்டரில் பார்க்க 30-40 மடங்கு. 300 மீட்டரில் அதே ஓட்டை தெரிய வேண்டுமென்றால் 80 மி.மீ. வகையில் நல்ல கண்ணாடியும் வேண்டும், அடங்கிய காற்றும் வேண்டும். அதற்கு மேல் தூரம் போனால் ஸ்கோப்பை நம்பாமல், டார்கெட் அருகே கேமரா வைப்பதோ, இரும்புத் தகட்டை டார்கெட்டாக வைப்பதோ நல்லது.

கருப்பு வட்டத்துக்குள் விழும் ஓட்டைதான் உண்மையான சிக்கல். கருப்பின் மேல் கருப்பு தெரியாது. சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, அது கருப்புக்கு நடுவில் இருக்கிறது. தாளுக்குப் பின்னால் அட்டை ஒட்டாமல் வெளிச்சம் வர இடம் விட்டால் ஓட்டைகள் பளிச்சென்று தெரியும். தோட்டா பட்ட இடத்தைச் சுற்றி மஞ்சளோ பச்சையோ தெறிக்கும் டார்கெட் தாள்களும் உண்டு. மடங்கைக் கூட்டுவதை விட இந்த இரண்டும் மலிவானவை, பலனும் அதிகம்.

காலையில தெளிவா தெரிஞ்சது, மதியம் டார்கெட்டே நெளியுது. ஸ்கோப் கெட்டுப்போச்சா?

ஸ்கோப் நன்றாகத்தான் இருக்கிறது. தரை சூடாகி, அதிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்று ஒளியை வளைக்கிறது. கானல் என்பது இதுதான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கண்ணாடியும் இதைத் தாண்டிப் பார்க்காது. மடங்கை 20-25க்குக் குறையுங்கள், நெளிவும் குறைந்து தெரியும். முடிந்தால் தரையை ஒட்டிப் பார்க்காமல் ஸ்கோப்பைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள்.

டார்கெட் சுடுகிறவர்களுக்கு இதே கானல் பெரிய உதவியும் செய்கிறது: காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். முதலில் டார்கெட்டில் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸை மெல்லத் திருப்பி, டார்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவாருங்கள். டார்கெட் லேசாக மங்கும், நடுவழியில் ஓடும் அலைகள் தெளிவாகும். அலை இடமிருந்து வலமாக ஓடினால் காற்றும் அப்படித்தான். லேசான காற்றில் அலை சாய்ந்து எழும். காற்று வலுக்க வலுக்கப் படுத்துக்கொண்டு ஓடும். நேராக மேல்நோக்கிக் கொதிப்பது போலத் தெரிந்தால் பக்கக் காற்று இல்லை, அல்லது காற்று முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ அடிக்கிறது என்று பொருள். அந்தக் கொதிப்பு நேரத்தில் சுடாமல் காத்திருப்பதுதான் நல்லது. காற்று பக்கம் மாறப்போகிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம்.

காற்றைப் படிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால், ஜூம் இல்லாமல் 27 அல்லது 30 மடங்கில் நிலையாக இருக்கும் அகலக் காட்சி ஐபீஸைப் பாருங்கள். ஐபீஸைக் கழற்றி மாற்றும் வசதி இருக்கும் ஸ்கோப்புகளில் இது கிடைக்கும். பல அனுபவசாலிகள் ஜூமை விட இதையே விரும்புகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

65 வாங்கவா, 80 வாங்கவா?

80 மி.மீ. லென்ஸ் 65ஐ விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். விடியலிலும் அந்தியிலும் இது நன்றாகத் தெரியும், விலங்குகள் நடமாடுவதும் அப்போதுதான். நடுப்பகலில் 30 மடங்கில் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

எடை வேறு கதை. 65 வகை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை கிலோ. 80-85 வகை ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதைத் தாங்கும் டிரைபாடின் எடை தனி. மலையேறி நடந்து போகும் வேட்டை என்றால் 65 அல்லது அதற்கும் சிறியது. வண்டியிலிருந்து இறக்கி வைத்துப் பார்ப்பதோ, ரேஞ்சில் ஒரே இடத்தில் உட்காருவதோ என்றால் 80. கனமாக இருக்கிறது என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகும் 80ஐ விட, எப்போதும் பையில் இருக்கும் 65 மேல்.

நேரா பார்க்கிற மாதிரியா, ஐபீஸ் சாய்ஞ்ச மாதிரியா? எது எடுக்கிறது?

பெரும்பாலானவர்களுக்குச் சாய்ந்தது. ஐபீஸ் 45 டிகிரி மேல்நோக்கி இருப்பதால் டிரைபாடைத் தாழ்வாக வைக்கலாம். தாழ்ந்த டிரைபாட் குறைவாக ஆடும். உயரம் வேறுபட்ட இருவர் மாறி மாறிப் பார்க்கும்போது டிரைபாடைத் தொட வேண்டாம். மேட்டைப் பார்க்கும்போது கழுத்து வலிக்காது.

படுத்துச் சுடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஸ்கோப்பின் நடுவில் சுழலும் வளையம் இருந்தால் ஐபீஸைப் பக்கவாட்டில் சாய்த்து முகத்துக்கு நேராகக் கொண்டுவரலாம். வலது கண்ணால் குறிபார்ப்பவர் ஸ்கோப்பை இடப்பக்கம் வைத்து இடது கண்ணால் பார்த்துக்கொண்டால், தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலே போதும், கன்னம் ரைஃபிளை விட்டு அதிகம் விலகாது.

நேரான ஸ்கோப்பின் பலம் வேகம். பைனாகுலரில் பார்த்த திசையிலேயே நீட்டினால் விலங்கு உடனே கிடைத்துவிடும். வண்டி ஜன்னலிலிருந்து பார்ப்பவர்களுக்கும், மேட்டிலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பவர்களுக்கும் அதுதான் வசதி.

ஈடி கிளாஸ், ஃப்ளோரைட்னு சொல்லி விலையை ஏத்துறாங்க. வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா?

தெரியும், மடங்கு கூடும்போது. சாதாரணக் கண்ணாடி எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிப்பதில்லை. அதனால் வெளிர் வானத்துக்கு எதிரே தெரியும் கொம்பின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ படியும், கூர்மையும் போகும். ஈடி கண்ணாடியும் ஃப்ளோரைட் படிகமும் இந்தச் சிதறலைக் குறைக்கின்றன. 20-25 மடங்கில் ஓட்டை பார்ப்பது மட்டும் வேலை என்றால் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். 40க்கு மேல் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஈடி என்ற முத்திரை மட்டும் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. லென்ஸ் எவ்வளவு துல்லியமாகத் தீட்டப்பட்டிருக்கிறது, பூச்சு எப்படி இருக்கிறது என்பதும் அதே அளவு முக்கியம். கண்ணால் சோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

கண்ணாடி போட்டிருக்கேன், ஓரமெல்லாம் கருப்பா தெரியுது.

ஐ ரிலீஃப் போதவில்லை, அதாவது கண்ணை ஐபீஸிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்தும் முழுக் காட்சியைப் பார்க்கலாம் என்ற தூரம். மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்கு 15 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 18-20 மி.மீ. வேண்டும். பல ஜூம் ஐபீஸ்களில் மடங்கை மாற்றும்போது இந்தத் தூரமும் மாறுவதால், எல்லா மடங்கிலும் பாருங்கள். ரப்பர் கண் வளையத்தை முழுக்கக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க மறக்க வேண்டாம்.

கேமரா டிரைபாட் ஒண்ணு வீட்ல இருக்கு. அதுலயே மாட்டிக்கலாமா?

கனமான, உறுதியான டிரைபாட் என்றால் மாட்டலாம். திருகு பொதுவாக ஒரே அளவுதான். ஆனால் மெலிந்த, இலகுவான டிரைபாட் நல்ல ஸ்கோப்பைச் சாதாரண ஸ்கோப்பாக்கிவிடும். 40 மடங்கில், கையால் ஃபோகஸைத் தொட்டதும் காட்சி எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று பாருங்கள். விரலை எடுத்த உடனே நிற்க வேண்டும். இரண்டு மூன்று வினாடி நடுங்கினால் வேறு டிரைபாட் தேடுங்கள்.

நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், ஆட்டத்துக்கு முதல் காரணம் அதுதான். காற்று அடித்தால் நடுவில் பையைத் தொங்கவிடுங்கள். தலைப்பகுதி, மெதுவாக இழுத்தால் மெதுவாக வரும் ஃப்ளூயிட் வகையாக இருந்தால் நகரும் விலங்கைத் தொடர்வது எளிது. வண்டி ஜன்னலில் மாட்டும் பிடிப்பான்களும் நல்லவைதான், என்ஜினை அணைத்துவிட்டால். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கவே வேண்டாம். அது காட்சியைக் கெடுத்துவிடும்.

வாட்டர்ப்ரூஃப்னு சொன்னாங்க, காலையில பார்த்தா லென்ஸ் முழுக்கப் பனி.

பனி வெளியே படிந்ததா, உள்ளேயா? உள்ளே நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்திருந்தால் உட்பக்கம் படியாது. வெளிப்பக்கம் எந்த ஸ்கோப்பிலும் படியும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவரும்போது மூடி போட்டுப் பைக்குள்ளேயே விட்டு, மெல்லச் சூடாக விடுங்கள். உள்ளே படிந்திருந்தால் அடைப்பு போய்விட்டது. பழுது பார்க்க அனுப்ப வேண்டியதுதான்.

உள்ள அளவுக்கோடு போட்ட ஸ்கோப் எனக்குத் தேவையா?

தனியாகச் சுடுகிறவருக்குத் தேவையில்லை. தூரச் சுடுதலில் ஒருவர் சுட, இன்னொருவர் பார்த்துத் திருத்தம் சொல்கிறார் என்றால் மிகவும் உதவும். "கொஞ்சம் இடது" என்பதற்குப் பதிலாக "அரை மில் இடது" என்று சொல்லலாம். மில், எம்ஓஏ இரண்டும் கோண அளவுகள்: ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 500 மீட்டரில் 50 செ.மீ. ஒரு எம்ஓஏ 100 மீட்டரில் 2.9 செ.மீ.

சுடுகிறவரின் ரைஃபிள் ஸ்கோப் மில்லில் இருந்தால் உங்களுடையதும் மில்லில் இருக்க வேண்டும். ஒருவர் மில், மற்றவர் எம்ஓஏ என்றால் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டு இருப்பீர்கள். மடங்கை மாற்றினாலும் கோட்டின் அளவு பொருந்தும் ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் வகையையே எடுங்கள்.

தோட்டா போற பாதையே தெரியுதுங்கறாங்களே, நிஜமா?

நிஜம்தான். தோட்டாவைப் பார்ப்பதில்லை, அது காற்றைக் கலைத்துக்கொண்டு போகும் தடத்தைப் பார்க்கிறார்கள். சுடுகிறவருக்கு நேர் பின்னால், துப்பாக்கிக் குழாயின் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே ஸ்கோப்பை வைத்து, குறைந்த மடங்கில், டார்கெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஃபோகஸ் செய்யுங்கள். கானல் பற்றிய பதிலில் சொன்ன அதே ஃபோகஸ்தான். பக்கவாட்டில் உட்கார்ந்தால் பிடிபடுவது கடினம்.

அரை மணி நேரம் பார்த்தா தலை வலிக்குது.

ஒரு கண்ணை இறுக்கி மூடுவதால்தான் பலருக்கும் இது வருகிறது. இரண்டு கண்ணையும் திறந்தே வைத்து, பார்க்காத கண்ணை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள். மடங்கைக் குறையுங்கள், நின்று குனியாமல் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கும் ஐபீஸும் இருக்கிறது: ஸ்வரோவ்ஸ்கியின் பிடிஎக்ஸ் அப்படிப்பட்டது, 65, 85 மி.மீ. முன்பகுதிகளோடு 30 மடங்கும் 95 மி.மீ.யோடு 35 மடங்கும் தரும். கனமும் விலையும் அதிகம். நாள் முழுக்க மலைச்சரிவைத் தேடுகிறவர்களுக்கே அது.

கடையில எப்படி சோதிக்கிறது? பழசு வாங்கினாலும் இதேதானா?

கடையின் உள்ளே பார்க்காதீர்கள். வாசலுக்கு வந்து, டிரைபாடில் மாட்டி, முடிந்தவரை தூரத்தில் இருக்கும் எழுத்துப் பலகையையோ மின்கம்பியையோ பாருங்கள். அதிகபட்ச மடங்கில் ஃபோகஸைத் திருப்பும்போது, "இதோ, இங்கே" என்று ஒரே இடத்தில் சட்டென்று கூர்மை பிடிக்க வேண்டும். முன்னும் பின்னும் திருப்பியும் எது கூர்மை என்று தீர்மானிக்க முடியவில்லை என்றால் அந்த ஸ்கோப் சரியில்லை. ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்றுக்கொன்று வேறுபடும். சூரியன் இருக்கும் பக்கமாக, ஆனால் சூரியனை விட்டு நன்றாக விலகி, நிழலான ஒரு பொருளைப் பாருங்கள். காட்சி வெளுத்துப் போனால் அந்தி வேட்டையில் தொல்லை. சூரியனை மட்டும் ஒரு கணம்கூட ஸ்கோப்பில் பார்க்கக் கூடாது, பார்வையே போய்விடும்.

பழையதில் கூடுதலாக ஒன்று: முன் லென்ஸ் வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நூல் நூலாகப் படர்ந்திருந்தால் பூஞ்சை. முன் லென்ஸின் வெளிப்பக்கத்தில் ஒன்றிரண்டு கீறல் இருப்பது காட்சியைக் கெடுக்காது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்.

ஸ்கோப்ல பார்த்தும் அந்த விலங்கு சுடத் தகுந்ததான்னு உறுதியா சொல்ல முடியல. பவரைக் கூட்டவா?

குறையுங்கள். மங்கிய வெளிச்சத்தில் மடங்கைக் கூட்டினால் இன்னும் மங்கும், மேலே சொன்ன கணக்குதான். 25-30க்கு வந்து, விலங்கு தலையைத் திருப்பும் வரை காத்திருங்கள். நேர் முன்னாலிருந்து மட்டும் பார்த்துக் கொம்பை மதிப்பிட முடியாது, பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். காதின் நீளத்தோடு ஒப்பிட்டால் கொம்பின் அளவு ஓரளவு பிடிபடும். பின்னால் வேறு விலங்கு நிற்கிறதா என்றும் ஸ்கோப்பிலேயே பார்த்துவிடுங்கள். இருட்டுவதற்குள் உறுதியாகவில்லை என்றால் ரைஃபிளைத் தொட வேண்டாம். அது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் விடியலில் அதே இடத்தில் ஸ்கோப்பை வையுங்கள்.